பெட்டியில் எழுதிய பெயர்

அந்த நாள் எனக்குத் தொடங்கியது காலை ஏழு இருபதுக்கு. என் மனைவியைக் கேட்டால் மாலை நான்கு ஐம்பது என்பாள். டவுன் பஸ் வந்து நின்று, எங்கள் மகள் அதிலிருந்து இறங்காமல் போன நேரம் அது. அவளுக்கு அது சரி. எனக்கு ஏழு இருபதுதான். அந்த நேரத்தில்தான் என் பார் மேனேஜர் போனில் கூப்பிட்டு, ஊருக்குள் ஒரு சாவு என்றார். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு, "பெட்டி போயிருச்சா?" என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளித்தேன். செத்தது யார் என்று கேட்கவில்லை.

பெட்டி என்பது இறந்தவர் உடலை வைக்கும் குளிர்பெட்டி. மேலே கண்ணாடி மூடி, கீழே ஒரு சின்ன மோட்டார். ப்ளக்கைச் சொருகிவிட்டால், திருப்பூரிலிருந்தோ சவூதியிலிருந்தோ மகன் வந்து சேரும்வரை உடல் கெடாமல் இருக்கும். முன்பெல்லாம் எங்கள் ஊருக்கு அது கம்பத்திலிருந்து வாடகைக்கு வர வேண்டும். ஏழை வீடுகளில் மரப்பெஞ்சில் கிடத்தி, சுற்றிலும் ஐஸ் பாளங்களை அடுக்குவார்கள். வாசலெல்லாம் தண்ணீர் ஓடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆறு வருடங்களுக்கு முன் ஒரு பெட்டி வாங்கி ஊருக்குக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் சிவப்பு எழுத்தில் 'அன்பளிப்பு' என்றும், அதன் கீழே இனிஷியலோடு என் முழுப் பெயரும். சாவு வீட்டுக்காரர்கள் வந்து கேட்கும் நிலை வரக்கூடாது, செய்தி தெரிந்த உடனே நம் வண்டியிலேயே பெட்டி போய் நிற்க வேண்டும் என்பது நான் போட்ட விதி. அந்த விதியில் எனக்குப் பெருமை இருந்தது.

என் தொழில் மது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை.

பத்து வயதில் கப்பலில் வந்தவன் நான். இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். மண்டபம் முகாமில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அப்பாவின் தூரத்து உறவுக்காரர் ஒருவர் காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்ததால் நாங்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தோம். பள்ளிக்கூடத்தில் என்னை "ஏலே சிலோன்" என்றார்கள். வாத்தியாரும் அப்படித்தான் கூப்பிட்டார். பி.காம். முடித்து, வேலை தேடி அலுத்து, கம்பத்தில் ஒரு ஒயின்ஷாப் கல்லாவில் உட்கார்ந்தேன். பிறகு அதே கடையில் பங்கு. பிறகு சொந்தமாக இரண்டு கடை. அரசாங்கமே கடைகளை எடுத்துக்கொண்டபோது எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் கடையை ஒட்டி ஒரு பார் நடத்த உரிமை கொடுத்தார்கள். குடிப்பவர்களுக்கு உட்கார இடம், தண்ணீர், அவித்த முட்டை, சுண்டல், கடைசியில் காலி பாட்டில். நான் விற்றது இவைதான். சரக்கை நான் விற்கவில்லை, அரசாங்கம்தான் விற்கிறது என்று இத்தனை வருடமாகச் சொல்லிவந்திருக்கிறேன். மற்றவர்களிடம் சொன்னதைவிட எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான் அதிகம்.

இந்த ஊர் இதுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் முதலாளி, நான் நகர்ந்ததும் சிலோன்காரன். அதனால் எதைக் கொடுத்தாலும் அதில் என் பெயரை எழுதச் சொன்னேன். பஸ் நிறுத்தத்து நிழற்குடையில், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில், கோயில் மண்டபத்து ஃபேன் றெக்கைகளில், மாதா கோயில் தெருவுக்கு வாங்கிக் கொடுத்த சீரியல் விளக்கு செட்டின் மரப்பெட்டியில். பெயின்டர் என் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டார்.

போன தைக்குப் பிறகு ஒருநாள் என் மகள் கேட்டாள். அவள் அப்போது ப்ளஸ் ஒன். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "அந்தப் பெட்டியில மட்டும் நம்ம பேரை அழிச்சிரலாமாப்பா?" ஏன் என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, சும்மாதான் என்றாள். பெயர் இல்லாவிட்டால் யார் கொடுத்தது என்று ஊருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மோர் ஊற்றிக்கொண்டு எழுந்துபோனாள். அவள் அதைச் சும்மா கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அன்று காலை இறந்தவர் திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டுகிறவர். கை சுத்தமான வேலைக்காரர். அவர் மகளும் என் மகளும் கம்பத்தில் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பு. அவர் என் பாரில் உட்கார்ந்து குடித்தவர்.

இறப்பதற்கு ஒன்றரை மாதம் முன்னால் அவருடைய அக்கா என்னைப் பார்க்க வந்தார். என் வயதுதான் இருக்கும். பெண்களைச் சேர்த்துத் தோட்டங்களுக்குப் பழம் வெட்ட அழைத்துப்போகிறவர். கூட்டம் எதுவும் கூட்டி வரவில்லை. முட்டை ஓடு கொட்டும் பின்வாசலில் தனியாக வந்து நின்றார்.

"அவனுக்கு இனி ஒரு சொட்டு எறங்குனாலும் முடிஞ்சுபோகும்னு டாக்டர் சொல்லிட்டாக" என்றார். "அவன் கடையில வாங்குறதை என்னால தடுக்க முடியாது. நீக ஒக்கார எடம் குடுக்காதீக. ரோட்டுல நின்னு குடிக்க அவன் வெக்கப்படுவான். அம்புட்டுத்தான் கேக்குறேன்."

சரி என்றேன். அதோடு விட்டிருக்கலாம். தேனியில் நல்ல ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். 

"ஒங்ககிட்ட எதுவும் வாங்க வரலை மொதலாளி. ஒண்ணைக் குடுக்காதீகன்னு சொல்லத்தான் வந்தேன்."

மேனேஜரிடம் சொன்னேன். ஒரு வாரம் அவரை உள்ளே விடவில்லை. பிறகு பழம் வெட்டும் சீசன் வந்தது. கூட்டம் நெரிந்தது, எல்லோரும் மறந்தார்கள். நான் மறக்கவில்லை. ஒரு மத்தியானம் நானே அவரைப் பார்த்தேன். சுவரோரமாக உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தார். கண்கள் மஞ்சளாக இருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டு வணக்கம் வைத்தார். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

அன்று பத்து மணிக்கு, பெட்டி வண்டி ஓட்டும் பெரியவர் திரும்பி வந்து சொன்னபோதுதான் செத்தது அவர் என்று எனக்குத் தெரிந்தது. விடியற்காலையில் ரத்தமாக வாந்தி எடுத்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாராம். பெட்டியை வாசலில் இறக்கியதும் அக்கா வெளியே வந்து எழுத்தைப் படித்திருக்கிறார். வேண்டாம் என்றிருக்கிறார். திருப்பி ஏற்றப் போனபோது அதற்கும் விடவில்லை. "இங்கனயே கெடக்கட்டும். வர்ற சனம் பாக்கட்டும்" என்றிருக்கிறார். உடலை மரப்பெஞ்சில் கிடத்தி ஐஸ் பாளம் வாங்கி அடுக்கிவிட்டார்களாம்.

நான் போயிருக்க வேண்டும். போய்க் காலில் விழுந்திருந்தாலும் தகும். அதற்குப் பதிலாக ஒரு ரோஜா மாலை வாங்கிப் பெரியவரிடமே கொடுத்தனுப்பினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், எதையாவது வாங்கி அனுப்புவது. மாலையை வாங்கி, தெருவில் கிடந்த காலிப் பெட்டியின் மேலேயே போட்டுவிட்டார்கள் என்று அவர் வந்து சொன்னார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நான்கு ஐம்பதுக்கு மனைவி வந்து எழுப்பினாள். பஸ் போய்விட்டது, பிள்ளை வரவில்லை என்றாள். அடுத்த பஸ்ஸில் வருவாள் என்றேன். அவள் அதற்குள் வகுப்பு டீச்சருக்குப் போன் போட்டிருந்தாள். மத்தியானம் ஒன்றரைக்கே எங்கள் மகள் வயிற்றுவலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அம்மா கேட்டில் வந்து நிற்கிறார்கள் என்று சொல்லிப் போய்விட்டாளாம். மனைவி இதைச் சொல்லிவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பள்ளிக்குப் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அவள் போன் மேசை மேலேயே கிடந்தது.

மனைவியின் தம்பியைக் கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினேன். குமுளி பஸ், தேனி பஸ் எல்லாவற்றிலும் ஏறிப் பார்க்கச் சொன்னேன். போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொன்னேன். ஃபோட்டோவோடு வாருங்கள் என்றார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே போவதென்று தெரியவில்லை.

இருநூறு அடி போவதற்குள் நிற்க வேண்டியதாயிற்று. இறந்தவருடைய கடைசி ஊர்வலம் மெயின் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. ஊரே அதில் வந்தது. கொட்டுச் சத்தம் கார்க் கண்ணாடியில் அதிர்ந்தது. ஆட்கள் காரின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போனார்கள். என்னைத் தெரியாதவர் அதில் ஒருவரும் கிடையாது. யாரும் குனிந்து உள்ளே பார்க்கவில்லை. இறங்கி, என் மகளைக் காணவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தேடுவதற்கு ஆள் வேண்டுமென்றால் ஊரில் இருந்த அத்தனை ஆளும் அங்கேதான் இருந்தார்கள். நான் கதவில் கைவைத்தேன். பாடை அருகில் வந்தது. மூடியிருந்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தே இருந்தேன்.

ஊர்வலம் போனதும் தோட்டக் கிணறுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்ப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டேன். மோட்டார் ரூம்களுக்குப் பின்னால், பந்தல் நிழலில், மருந்து கலக்கும் தொட்டிகளுக்கு அருகில் பார்த்தேன். அப்போதுதான் பூச்சிமருந்து டப்பாக்கள் என் கண்ணில் பட்டன. இத்தனை வருடமாகத் தினமும் கண்ணில் பட்ட பொருள்தான். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது மகளின் தோழி ஒருத்தி போனில் வந்தாள். என் மனைவி அவளிடம் கேட்டிருக்கிறாள், அவளோ அங்கிளிடமே சொல்கிறேன் என்றிருக்கிறாள். அழுதுகொண்டே சொன்னாள். பன்னிரண்டு மணிக்கு டீச்சர் வகுப்பையே அந்தச் சாவு வீட்டுக்கு வேனில் அழைத்துப் போயிருக்கிறார். எல்லோரும் வரிசையாகத் தெருவுக்குள் நடந்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்தப் பெட்டி. வெயிலில், காலியாக, மேலே மாலையோடு.

"அங்கன நின்ன ஒரு பெரியம்மா அவளை அடையாளம் கண்டுட்டாக அங்கிள். 'வா ஆத்தா, ஒங்கப்பனுக்குத்தான் மாலை போட்டு வச்சிருக்கோம், கும்பிட்டுக்க'ன்னாக. எல்லாரும் அவளையே பாத்தோம். அவ கும்பிட்டா அங்கிள். நெசமாவே பெட்டியைப் பாத்துக் கும்பிட்டா. அப்புறம் ஸ்கூலுக்கு வந்து யார்கூடவும் பேசலை."

நான் போனை வைத்துவிட்டு ஆற்றுப் பாலத்துக்கு ஓட்டினேன். முல்லையாற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த சமயம். கரை தொட்டு ஓடியது. பாலத்துக்குக் கீழே, நாணல் சிக்கிய இடத்தில், நீலமாக ஒன்று சுழன்றது. அவள் பாவாடை நீலம். நான் படியில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைப் பிடித்து இழுத்தேன். உரச்சாக்கு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சாமி எதையும் கூப்பிடத் தோன்றவில்லை. நான் கூப்பிடக்கூடிய எல்லாச் சாமிக்கும் ஏற்கெனவே ஏதாவது வாங்கிக் கொடுத்திருந்தேன்.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள், குளிப்பதற்காக அதே படித்துறைக்கு. தண்ணீரில் நிற்கும் என்னைப் பார்த்துவிட்டு மேலேயே நின்றுவிட்டார்கள். இந்த முறை கண்ணாடி எதுவும் இடையில் இல்லை. "என் மகளைக் காணோம்" என்றேன்.  மறுபடி சொன்னேன்.  அதில் ஒருவர், என் பாரில் தினமும் உட்காருகிறவர்தான், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே சொன்னார்:

"குளிச்சிட்டு வர்றோம் மொதலாளி. தீட்டோட தேடக் கூடாதுல்ல. நீங்க வீட்டுக்குப் போங்க, இங்கன நிக்காதீக."

கேலி இல்லை அதில். இரக்கமும் இல்லை. குளித்துவிட்டு இரண்டு பேர் தண்ணீருக்குள் முங்கி நாணல் வேரெல்லாம் தடவிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவை அவர்கள் மேலே வரும்போதும் நான் அவர்கள் கையை மட்டும் பார்த்தேன். கை காலியாக வந்தது. அந்தக் காலிக் கைகளை நான் கும்பிட்டேன். கரையோரமாக இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி நான்கு பேர் கீழ்ப்பக்கமாக நடந்தார்கள். ஒருவர் என்னைக் கைபிடித்து மேலே ஏற்றி, காரை அவரே ஓட்டிவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. இருபது வருடமாகப் பார்க்கும் முகம்.

வீட்டு கேட்டுக்கு வெளியே, தெருமண்ணில், என் மனைவி உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டிலும் இல்லை என்று தம்பி போன் செய்திருந்தான். நான் ஈரத்தோடு அவள் அருகில் உட்கார்ந்தேன். மத்தியானம் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "பேரை அழிக்கச் சொல்லி ஒங்ககிட்டக் கேட்டாளாமே" என்றாள். "என்கிட்டச் சொன்னா. நானும் சிரிச்சேன்."

தெருவிளக்கு எரியத் தொடங்கிய நேரம். கிழக்கேயிருந்து ஒரு பெண் நடந்து வந்தார். தலைமுடி ஈரமாக முதுகில் ஒட்டியிருந்தது, ஈரப் புடவையைப் பிழிந்து உடுத்தியிருந்தார். அருகில் வந்த பிறகுதான் இறந்தவரின் அக்கா என்று தெரிந்தது. தம்பியை அனுப்பிவிட்டுக் குளித்த ஈரம் காயாமல் வந்திருக்கிறார். சாவு வீட்டுக்காரர்கள் இன்னொரு வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். தெருவின் எதிர்ப்பக்கமே நின்றார். நான் எழுந்தேன். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும் என்று கைகூப்பினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்துப் பேசினார்.

"எந்திரி ஆத்தா. ஒம் புள்ளை எங்க வீட்லதான் இருக்கு."

மனைவி எழ முயன்று முடியாமல் மறுபடி மண்ணில் உட்கார்ந்தாள். அவர் தொடர்ந்து சொன்னார். ரெண்டு மணிக்கே பின்சந்து வழியாக வந்துவிட்டாளாம். வந்து, தம்பி மகளை ஒட்டி ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டாளாம். அழுகிற வீட்டில் யார் யாரென்று ஒருவரும் கவனிக்கவில்லை. உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு, பெண்கள் குளித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, தெருவில் பெட்டிக்கு அருகில் அவள் ஒருத்தி மட்டும் மண்டியிட்டிருந்தாளாம்.

"பந்தல் ஆணி ஒண்ணை வச்சுப் பேரைச் சொரண்டிக்கிட்டு இருக்கு. நகமெல்லாம் பேந்து ரத்தம். விடுன்னா விடலை. நான் கையைப் பிடிச்சு நிப்பாட்டி, கழுவிவிட்டு, மஞ்சள் வச்சுக் கட்டியிருக்கேன். ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிருக்கு. ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னு என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. பெத்தவுக தவிப்பு எனக்குத் தெரியும், அதான் நடந்தே வந்தேன்."

நான் தெருவைக் கடக்கப் போனேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். அன்று அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

"வாங்க. வந்து ஒங்க புள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. வெறுங்கையோட வாங்க. எங்க வீட்டுக்கு இனிமே எதையும் கொண்டாராதீக."